பெட்டிக்கு மேல் ஒரு கூரை: திருகோணமலையில் கொள்கலன்களால் கட்டிய வீடு

பின்னணி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போகும்போது, வலப்பக்கமாகக் கடலை நோக்கிப் பல மணல் ஒழுங்கைகள் பிரிகின்றன. அவற்றில் ஒன்றின் முடிவில் இருபது பேர்ச் வளவில் இந்த வீடு நிற்கிறது. கடல் அரைக் கிலோமீற்றர் தூரம். வீட்டில் ஐந்து பேர்: படகு இயந்திரம் திருத்தும் கணவர், ஆசிரியையான மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், மனைவியின் தாயார். கிழக்கில் பெரும்பாலும் நடப்பதுபோலக் காணி மனைவிக்குச் சீதனமாக வந்தது. தாயாரின் பழைய வீடு இதைவிடக் கடலுக்கு அருகில் இருந்தது. 2004 டிசம்பர் 26இல் அது போய்விட்டது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளை இந்த ஆய்வில் மறுபடியும் தொட வேண்டியிருக்கும்.

2021இல் கல் வீடு ஒன்றுக்கு வரைபடம் கீறி, கிணறும் வெட்டியிருந்தார்கள். ஓராயிரம் ரூபாயைச் சுற்றி நின்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. கம்பியும் ஓடும் அதோடு சேர்ந்து ஏறின. வங்கி வட்டி, ஆசிரியச் சம்பளத்தில் கட்டக்கூடிய அளவைத் தாண்டியது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் கணவர் என்னைத் தேடி வந்தார். நான் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்கிறவன். அவர் கையில் பழைய கப்பல் கொள்கலன்களால் கட்டிய வெளிநாட்டு வீடுகளின் படங்கள் இருந்தன.

அவர் சொன்ன காரணங்கள் மூன்று. சீக்கிரம் முடியும். செலவு குறையும். நாளைக்கு ஏதாவது நடந்தால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. இந்த ஊரில் ஒரு தடவையாவது வீட்டை விட்டு ஓடாத குடும்பம் குறைவு. அந்தக் காரணத்தை மறுத்துப் பேச அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. மறுத்திருக்க வேண்டும். யன்னலும் கதவும் வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி, மின்சாரமும் தண்ணீரும் பொருத்திய பெட்டியை மறுபடி லொறியில் ஏற்றுவது, ஒரு கல் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதைவிடச் சுலபமாக இருக்காது.

தாயார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, இதுவும் தகரம்தானே?" கணவர், இது தகரம் இல்லை மாமி, உருக்கு என்றார். நானும் அதையே சொன்னேன்.

அனுமதி

கடலின் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இந்தக் காணி அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் பிரதேச சபையின் அனுமதி போதுமானதாக இருந்தது. அறையின் உயரம், காற்றோட்டம், மலக்கூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றைக் கேட்டார்கள். கேட்டது நியாயம். பதில் எழுதிக் கொடுத்தோம். வங்கி மட்டும், இது நிலையான கட்டடம் என்று மதிப்பிட முடியாது என்று சொல்லிக் கடனை மறுத்தது. ஆகவே முழு வேலையும் கைப்பணத்தில், விட்டு விட்டு நடந்தது. பின்னால் வந்த சில அவசர முடிவுகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டிகளைத் தெரிந்தெடுத்தது

துறைமுகம் உள்ள ஊரில் பெட்டிக்கு என்ன பஞ்சம் என்று பலரும் கேட்டார்கள். திருகோணமலை இயற்கைத் துறைமுகம்தான். ஆனால் இங்கே வருவது பெரும்பாலும் கோதுமை, சீமெந்துக்கான மூலப்பொருள், எரிபொருள் போன்ற மொத்தச் சரக்கு. கொள்கலன் கப்பல்களின் வேலை கொழும்பில் நடக்கிறது. ஆகவே பழைய பெட்டி வாங்குவதற்கும் கொழும்புப் பக்கந்தான் போக வேண்டும். அங்கிருந்து தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர் ஏற்றி வரவேண்டும். ஏற்றுகூலியை முதற்கணக்கில் மிகக் குறைவாகப் போட்டிருந்தோம்.

2023 பெப்ரவரியில் கணவரும் நானும் ஒரு களஞ்சிய முற்றத்துக்குப் போய் ஒரு நாள் முழுவதும் நின்றோம். பார்த்த விதத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் உள்ளே போய் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தச் சொல்ல வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் ஆகும். அதன் பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தால், ஓட்டை இருந்தால் வானத்து மீன்போலத் தெரியும். மூன்றாவது பெட்டியில் அப்படி ஒன்பது எண்ணினோம். வெளியிலிருந்து பார்த்தபோது அதுதான் எல்லாவற்றிலும் அழகான பெட்டி. புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அடுத்தது அடிப்பக்கம். தரைப்பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் கீழேதான் இருக்கின்றன. மல்லாந்து படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருத் தின்ற இரும்பு மந்தமாக ஒலித்துப் பொருக்கு உதிர்க்கும். மூன்றாவதாக, மூலைத் தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் பலம் முழுவதும் நான்கு மூலையில்தான் இருக்கிறது. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது பாரம் மூலை வழியாகவே கீழே இறங்குகிறது. கூரைத் தகடு 2 மில்லிமீற்றர்தான், சுவரும் ஏறக்குறைய அவ்வளவே.

கடைசியாகக் கதவில் அறைந்திருக்கும் உலோகத் தகடு. பெட்டி செய்த ஆண்டு, ஏற்றக்கூடிய உச்சப் பாரம் ஆகியவற்றோடு, தரைப்பலகைக்கு எந்தப் பூச்சிமருந்து இடப்பட்டது என்பதும் அதில் இருக்கும். பலகையோடு பூச்சி நாடு விட்டு நாடு போகாமலிருக்க அந்த மருந்து இடப்படுகிறது. நாங்கள் ஆண்டைப் பார்த்தோம். மருந்து என்ற வரியை வாசித்தோம், குறித்தும் கொண்டோம், ஆனால் அதன் பொருளை யோசிக்கவில்லை.

ஒழுங்கை வளைவு

என் திட்டம், 40 அடி நீளமுள்ள உயரமான வகைப் பெட்டி இரண்டை எதிரெதிரே வைத்து, நடுவே நான்கு மீற்றர் அகலத்தில் ஒரு மண்டபத்தை விடுவது. மண்டபம் கிழக்கு மேற்காக இருப்பதால் பிற்பகலில் வரும் கடற்காற்று உள்ளே புகுந்து ஓடும். உயரமான வகையில் உள்ளே 2.69 மீற்றர் உயரம் கிடைக்கும். பெட்டி வீட்டுக்கு அது போதும்.

முதற்பெட்டி ஏப்ரல் மாதத்தில் ஒரு விடியற்காலை வந்தது. ஒழுங்கையின் அகலத்தை நான் அளந்திருந்தேன். வளைவை அளக்கவில்லை. இழுவை வண்டியும் இணைப்பும் சேர்ந்து ஏறக்குறைய 16 மீற்றர். அயல் வீட்டு மதிலுக்கும் ஒரு பனைக்கும் நடுவில் அது திரும்ப முடியாமல் நின்றது. பின் சில்லு மணலில் அச்சுவரை புதைந்தது. அயலவர் வந்து, வேண்டுமானால் மதிலை உடைக்கலாம், பிறகு கட்டித் தாருங்கள் என்று பெருந்தன்மையோடு சொன்னார். அந்த மதில் அவர் மகளுடைய கலியாணத்துக்குக் கட்டியது. உடைக்கக் கேட்க எங்களால் முடியவில்லை. பின்னேரம் வரை பலகை போட்டு, மணல் வாரி, வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பெரிய வீதிக்குக் கொண்டுபோனோம்.

விற்றவர் கழிவு போட்டு மாற்றிக் கொடுத்தார். 40 அடிப் பெட்டி இரண்டுக்குப் பதில் 20 அடிப் பெட்டி நான்கு. ஒவ்வொன்றும் வெறுமையில் 2.2 தொன் அளவு. ஆகவே கிரேன் பொருத்திய லொறியிலேயே ஒவ்வொன்றாக ஏற்றி வந்து இறக்க முடிந்தது. வரைபடத்தில் எதுவும் மாறவில்லை. இரண்டு இரண்டாக நீளத்தில் ஒட்டினால் அதே 12 மீற்றர். ஆனால் 20 அடிப் பெட்டிகள் சாதாரண உயரத்தில்தான் கிடைத்தன. உள்ளே 2.39 மீற்றர். முப்பது சென்ரிமீற்றர்தானே என்று விட்டுவிட்டோம்.

அந்த முப்பது சென்ரிமீற்றரின் விலை பிறகு தெரிந்தது. கூரையின் உட்புறம் வெப்பத் தடுப்பும் பலகையும் அடித்தபோது உயரம் 2.3 மீற்றருக்கு இறங்கியது. அதன் கீழே மின்விசிறி தொங்கவிட்டால் கை தூக்கும் மனிதருக்கு ஆபத்து. கூரை விசிறி இல்லாத நான்கு அறைகள் உருவாயின.

அத்திவாரமும் வெட்டும்

பெட்டியை நேராக மணலில் வைக்கக் கூடாது. அடிச்சட்டம் ஈரத்தில் கிடந்து அழுகும். மூலைகளின் கீழ் மட்டும் கொங்கிறீற் தூண்கள் எழுப்பினோம். நீளத்தில் ஒட்டும் இரண்டு பெட்டிகள் நடுத்தூண்களைப் பகிர்வதால் மொத்தம் பன்னிரண்டு. நிலத்துக்கு மேலே இரண்டடி உயரம். ஒவ்வொரு தூணின் தலையிலும் இரும்புத் தகடு பதித்து, பெட்டியின் மூலை வார்ப்பை (மூலையில் உள்ள தடித்த உருக்குக் கட்டையை) அதோடு வெல்டிங் செய்து ஒட்டினோம். இந்த வீட்டில் நான் முழு நிம்மதியோடு திரும்பிப் பார்க்கும் வேலை இது ஒன்றுதான்.

வெட்டு வேலையில் ஒரு பிழை நடந்தது. மண்டபத்தை நோக்கி ஒரு பெட்டியின் நீளச் சுவரில் பன்னிரண்டடி அகலத்துக்குத் திறக்க வேண்டியிருந்தது. சுவரின் அலைத் தகடுதான் மேற்சட்டத்தைத் தாங்குகிறது. ஆகவே முதலில் சதுர இரும்புக் குழாயால் சட்டகம் ஒட்டிவிட்டு அதன் பிறகே தகட்டை வெட்ட வேண்டும். மின்வெட்டும் கூலியும் துரத்த, தொழிலாளர் முதலில் வெட்டிவிட்டார்கள். நான் அன்று வேறு இடத்தில் நின்றேன். வந்து பார்த்தபோது மேற்சட்டம் நடுவில் 14 மில்லிமீற்றர் தொய்ந்திருந்தது. ஜாக்கி வைத்து உயர்த்திச் சட்டகம் ஒட்டினோம். முழுவதும் திரும்பவில்லை. அந்த இடத்துத் தள்ளு கதவு இன்றைக்கும் கடைசி ஓரடியில் இறுகுகிறது.

ஒட்டுவேலை செய்த மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு மாலையும் ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தமொன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு கூரையில் ஏறுவார். கிறைண்டர் சிதறிய இரும்புத் தூளை அதனால் வாரி எடுப்பார். விட்டால் அந்தத் தூள் ஓர் இரவுப் பனியில் துருப்பிடித்துப் பெயின்றையும் தின்னும் என்றார். அவர் வராத மூன்று நாட்களின் அடையாளம் தெற்குப் பெட்டிக் கூரையில் செம்புள்ளிகளாக இருக்கிறது.

மின்சாரத்தில் குறை வைக்கவில்லை. முழு வீடும் இரும்பு என்பதால், ஒரு வயரின் தோல் உரிந்தால் சுவரே மின்னேறும். நான்கு பெட்டியும் தனித்தனியே நிலத்தொடுப்புச் செய்யப்பட்டன. வயர் இரும்பைக் கடக்கும் துளைகளுக்கு றப்பர் வளையம் போட்டோம். காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாக ஏற்காது என்பதால் நிலக்கம்பியைக் கிணற்றடி ஈரத்தில் அடித்தார் மின்வேலைக்காரர்.

சுவருக்கும் கூரைக்கும் உட்புறம் ஓரங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) வைத்து ஜிப்சம் பலகை அடித்தோம். பெட்டிகளின் சொந்தக் கூரையே கூரை. மண்டபத்துக்கு மட்டும் தனியாகத் தகரம் போட்டோம். முழு வீட்டையும் மூடும் இரண்டாவது கூரை என் முதல் வரைபடத்தில் இருந்தது. காசு முடிந்த நிலையில் அதை வெட்டினோம். நான் எதிர்க்கவில்லை. வெப்பத் தடுப்பு இருக்கிறதே என்று நினைத்தேன். வெளிப்புறத்துக்குக் கணவர் கடும் நீலம் அடித்தார். 2023 செப்ரெம்பரில் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள்.

முதல் மாரி

நவம்பர் நடுவில் மூத்த பிள்ளை, தன் நுளம்பு வலை விடியும்போது ஈரமாக இருக்கிறது என்று சொன்னாள். எல்லாரும் ஒழுக்கு என்று நினைத்தோம். ஒட்டுகளையெல்லாம் மறுபடி அடைத்தோம். மழையில்லாத இரவிலும் வலை நனைந்தது.

டிசம்பரில் ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்கு நான் அந்த அறையில் நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் பலகைகள் சந்திக்கும் கோடு முழுவதும் நீர்மணிகள் கோத்தாற்போல் தொங்கின. ஒன்று பெருத்து, பக்கத்து மணியோடு சேர்ந்து, வலையின் மேல் விழுந்தது. ஒரு பலகையைக் கழற்றினோம். ரெஜிபோமுக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பலகையின் முதுகு கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

காரணம் இதுதான். இரவில் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் இரும்புக் கூரை சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. மாரியில் காற்று ஏற்கெனவே ஈரம். மழைக்கும் நுளம்புக்கும் யன்னல் சாத்திய அறையில் இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள். அந்த ஈரக் காற்று பலகை இடுக்கு வழியாக ஏறிக் குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் நீராகிறது. வெளியில் புல்லில் விழும் பனி, இங்கே அறைக்குள் விழுகிறது. ரெஜிபோமை இரும்போடு இடுக்கில்லாமல் ஒட்டியிருந்தால் குறைந்திருக்கும். ரெஜிபோமைத் தெரிந்தெடுத்ததே சரியில்லை. தீப்பட்டால் அது உருகிக் கரும்புகை கக்கும். ஒட்டுவேலை முற்றாக முடியாத இடத்தில் அதை வைத்திருந்தோம்.

அதே மாரியில் தாயாரின் அறை பற்றிய முறைப்பாடும் வந்தது. கதவைச் சாத்தினால் ஒரு மருந்து வாடை, தலை பாரம் என்றார். தரைப்பலகையின் மேல் எப்பொக்சி பூசி, அதற்கு மேலே விரிப்புப் போட்டிருந்தோம். அவருடைய அறையில் பூச்சு ஒரு மூலையில் உரிந்திருந்தது. குறித்து வைத்த அந்தத் தகட்டு வரியை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வாடைக்கு அந்த மருந்துதான் காரணம் என்று என்னால் உறுதியாகக் கூற முடியாது. ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவர் படுக்கும் அறையில் அந்தச் சந்தேகத்தை வைத்திருக்க முடியாது. பலகையை முற்றாகக் கழற்றிச் சீமெந்துப் பலகையும் ஓடும் போட்டோம். வாடை போயிற்று. கழற்றிய பலகைகளை அடுப்புக்குக் கேட்டார் தாயார். நல்ல வைரமான பலகை. கொடுக்கவில்லை. மருந்து ஊறிய மரத்தை எரித்தால் அந்தப் புகையே நஞ்சு.

முதல் கச்சான்

ஏப்ரல் முடிந்ததும் தென்மேற்கிலிருந்து கச்சான் தொடங்கியது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கும் அந்தக் காற்று இங்கே வரும்போது ஈரமில்லாத அனலாக இருக்கிறது.

இரண்டு வெப்பமானி வாங்கினோம். ஒன்று வேப்பமர நிழலில், மற்றது தெற்குப் பெட்டி அறையில். மூத்த பிள்ளை கணக்குக் கொப்பியில் கோடு போட்டு நாளுக்கு மூன்று தடவை எழுதினாள். 2024 மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டரை மணிப் பதிவு: வேம்படி 36, அறை 41. கூரையின் வெளித்தகட்டில் கை வைக்க முடியவில்லை. இரவு பத்து மணிக்கும் அறை வெளியைவிட மூன்று பாகை கூடுதலாக இருந்தது. மின்விசிறிக்கு உயரமில்லை. மேசை விசிறி சூட்டைத்தான் சுழற்றியது.

தாயார் ஒரு மதியம் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக் கொட்டிலுக்குப் போனார். குசினி மட்டும் அவருடைய பிடிவாதத்தால் பெட்டிக்கு வெளியே, வளவின் தென்கிழக்கு மூலையில், அரைச்சுவரும் கிடுகுக் கூரையுமாகக் கட்டப்பட்டிருந்தது. அங்கே 34 பாகைதான். அன்று அவர் மகளிடம் சொன்னதை மகள் என்னிடம் சொன்னார். "சுனாமிக்குப் பிறகு கொட்டிலில் கிடந்தபோது இது கொஞ்ச நாளைக்கு என்று நினைத்துப் பொறுத்தேன். இதை எதற்காகப் பொறுக்க வேண்டும்?"

அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு சுட்டது. உருக்கு வேறு, தகரம் வேறு என்று அவருக்குச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் முதல் நாளே சரியான கேள்வியைக் கேட்டிருந்தார். வெயிலில் கிடக்கும் மெல்லிய இரும்புக்குக் கீழே மனிதர் படுக்க முடியுமா என்பதே அந்தக் கேள்வி. பெயர்தான் வேறு.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் பேசினோம். குளிரூட்டி பூட்டுவது ஒன்று. மின்கட்டணம் ஒருபுறம் இருக்க, சாத்திய அறையின் ஈரப் பிரச்சினை அதனால் வேறு வடிவத்தில் தொடரும். கூரைக்கு வெள்ளை அடிப்பது இரண்டாவது. யூலையில் அதைச் செய்தோம். மதியப் பதிவு இரண்டு பாகை இறங்கியது. செலவுக்கு நல்ல பலன், ஆனால் போதாது.

மூன்றாவது, வெட்டிவிட்ட இரண்டாவது கூரை. பணம் இல்லை என்றார் கணவர். தாயார் தன் காப்பு இரண்டைக் கழற்றி மேசையில் வைத்தார். அவை அடகுக்குப் போயின. 2024 ஓகஸ்டில் வேலை தொடங்கி, வாடைக்காற்று தொடங்குமுன் முடித்தோம்.

கூரை பெட்டியில் படாமல், இரண்டடி இடைவெளி விட்டு மேலே நிற்கிறது. தாங்கும் கால்கள் பெட்டிகளின் மூலை வார்ப்பில் ஒட்டப்பட்டன. வேறெங்கே ஒட்டினாலும் கூரைத் தகடு பாரத்தைத் தாங்காது. நீளவாட்டில் இறவாரம் நான்கடி வெளியே நீள்கிறது. நாகமும் (துத்தநாகம்) அலுமினியமும் பூசிய வெளிர்நிறத் தகரம். தாயார் ஓடு கேட்டார். பாரம் காரணமாக மறுத்தேன். பதிலாக முன் விறாந்தைக்குக் கிடுகு வேய்ந்து கொடுத்தோம். இரண்டு முனைகளிலும் இடைவெளி திறந்திருக்கிறது, காகம் புகாமல் வலை மட்டும். கச்சான் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும்போது சூட்டையும் வாரிக்கொண்டு போகிறது. காற்று கூரையைத் தூக்கிவிடும் என்ற பயமும் இருந்தது. 1978 சூறாவளியை நினைவில் வைத்திருப்பவர்கள் கிழக்கில் இன்னும் இருக்கிறார்கள். கால்கள் பெட்டியோடும், பெட்டி தூணோடும் ஒட்டியிருப்பதால் கூரையைக் கிளப்ப வரும் காற்று நான்கு பெட்டிகளின் பாரத்தையும் சேர்த்துக் கிளப்ப வேண்டும்.

பின்பு நடந்தவை

செப்ரெம்பரில் ஒரு நாள் வேம்படி 36 காட்டியது. அதே நேரம் அறையில் 34. கொப்பியில் அந்த இலக்கத்தைப் பிள்ளை சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருக்கிறாள். தாயார் தன் பாயோடு அறைக்குத் திரும்பினார்.

அந்த டிசம்பரில் நுளம்பு வலை நனையவில்லை. இதை நான் முன்கூட்டியே ஊகித்திருக்கவில்லை. மேற்கூரை வானத்தை மறைத்துவிட்டதால் பெட்டிக் கூரை இரவில் முன்போலக் குளிர்வதில்லை. பகல் வெயிலுக்குப் போட்ட கூரை இரவுப் பனியையும் நிறுத்திவிட்டது. பழைய ரெஜிபோமையும் பூஞ்சணம் பிடித்த பலகைகளையும் கழற்றினோம். சுவர்களில் மட்டும் வெப்பத் தடுப்புக்குப் பாறைப்பஞ்சு வைத்தோம். கூரையின் உட்புறத்தில் எதுவும் வைக்கவில்லை. போன உயரத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்தபோது வளவில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. இரண்டடித் தூண்கள் வீட்டைக் காத்தன. கூரையில் ஆணி ஒன்றுகூடக் கிளம்பவில்லை. கிடுகு விறாந்தை பறந்தது. இரண்டு நாட்கள் அயல் வீட்டார் இங்கே தங்கினார்கள். ஒழுங்கை வளைவில் மதில் உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தீராமல் நிற்பது துரு. பெட்டி செய்யும் உருக்கு, காற்றில் தானாகவே ஒரு காப்புப் படையை உண்டாக்கிக்கொள்ளும் வகை என்பது உண்மை. ஆனால் உப்புக் காற்றில் அந்தப் படை இறுகிப் பிடிப்பதில்லை, துரு உள்ளே இறங்கிக்கொண்டே போகிறது. கிழக்கு யன்னல்களின் வெட்டு விளிம்புகளில், சிலிக்கன் பூச்சுக்கு அடியில், ஓராண்டுக்குள் பழுப்புக் கோடு வழிந்தது. சிலிக்கனைக் கிழித்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை அரைத்து, நாகம் செறிந்த முதற்பூச்சும் அதன்மேல் இரண்டு பூச்சும் அடித்து, யன்னல் தலைகளில் நீர்வடி தகடு வைத்தோம். இப்போது கச்சான் முடியும்போதும் மாரி முடியும்போதும் கிணற்றுத் தண்ணீரால் சுவர்களைக் கழுவுகிறார்கள். மேற்கூரை வந்த பிறகு மழைநீர் சுவரைத் தொடாததால் உப்பைக் கழுவும் வேலை அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

செலவுக் கணக்கு: பெட்டிகளின் விலை மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி ஏற்றுகூலி, வெட்டும் ஒட்டும், வெப்பத் தடுப்பு இரண்டு தடவை, கூரை. இதே அளவு சீமெந்துக் கல் வீட்டுக்கு 2023 விலையில் போட்ட மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் மிச்சம் பத்தில் ஒரு பங்கு அளவுதான். காலத்தில் உண்மையான இலாபம் இருந்தது. பெட்டி இறங்கிய ஐந்தாம் மாதம் குடிபுகுந்தார்கள். வாடகை நின்றது. அந்த ஆண்டின் நிலைமையில் அது சிறிய விடயம் இல்லை என்று மனைவி அழுத்திச் சொல்கிறார்.

மாற்றிச் செய்யவேண்டியவை

மேற்கூரையை முதலில் எழுப்புவேன். பெட்டிகள் இறங்கியதும் அடுத்த வேலை அதுவாகவே இருக்கும். அந்த நிழலில் நின்று மற்ற வேலைகளைச் செய்யலாம், தொழிலாளரும் வெயிலில் வாட மாட்டார்கள். காசு போதாவிட்டால் நான்கு பெட்டிக்குப் பதில் மூன்றைக் கூரையோடு வைப்பேன்.

வண்டி போகும் பாதையை, வளைவு வளைவாக, வண்டியின் நீளத்துக்குக் கயிறு பிடித்து நடந்து பார்ப்பேன். உயரமான பெட்டி அங்கே போகாவிட்டால், பெட்டி வீடு அந்தக் காணிக்குப் பொருந்துமா என்ற பேச்சை மறுபடி தொடக்கத்திலிருந்து எடுப்பேன்.

தரைப்பலகையைக் குடிபுகுமுன் எல்லா அறைகளிலும் கழற்றுவேன். மற்ற மூன்று பெட்டிகளில் பூச்சு இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளின் அறையை இந்த ஆண்டு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

சட்டகம் ஒட்டும்வரை வெட்டுக் கருவியை என் பொறுப்பில் வைத்துக்கொள்வேன்.

வீட்டில் மிக வயது போனவரின் கேள்வியை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்து, அதற்கு இலக்கத்தில் பதில் கிடைக்கும்வரை வேலை தொடங்க மாட்டேன். வெப்பமானி ஒன்றின் விலை பெரிய தொகை இல்லை. வாங்குமுன் அந்த முற்றத்தில் வெயிலில் கிடந்த பெட்டிக்குள் ஒரு மதியம் அதை வைத்திருந்தால், 41 என்ற இலக்கத்தை ஓராண்டுக்கு முன்பே பார்த்திருப்போம்.

இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. தென்கிழக்குப் பெட்டியின் அடிச்சட்டத்தில், குசினித் தண்ணீர் தெறிக்கும் பக்கத்தில், சுத்தியலால் தட்டும்போது ஒரு முழ நீளத்துக்கு மந்தமாக ஒலிக்கிறது. பொருக்கு இன்னும் உதிரவில்லை. மழை விட்டு மணல் காய்ந்ததும் ஜாக்கி வைத்துத் தாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் புதுச் சட்டம் ஒட்டப் போகிறோம். ஒட்டுவேலைக்கு அந்தக் காந்தக்காரரையே கேட்டிருக்கிறோம்.